பூஞ்சணப் படலம்: மலையகத்துப் பழங்கமராக்கள் குறித்த ஓர் ஆராய்ச்சி

இவ்வாராய்ச்சி என் நுதலிற்றோ எனின், ஹட்டன், நுவரெலியா வட்டாரங்களில் பழைய பிலிம் கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிவோரின் படங்கள் ஏன் மங்கலாகவே விழுகின்றன என்பதை நுதலிற்று. கை நடுக்கம் என்பாரும் உளர். அற்றன்று, முக்காலியில் நிறுத்தி எடுத்த படமும் அப்படித்தான் இருக்கிறது. பனிமூட்டம் என்பாரும் உளர். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. கமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் என்றே எண்ணும். வெள்ளைப் பனியையும் சாம்பலாக்கிவிடும். ஒரு ஸ்டொப், ஒன்றரை ஸ்டொப் கூட்டிக் கொடுத்தால் பனி பனியாகவே வரும். ஆகவே பனி நிரபராதி. குற்றவாளி லென்ஸுக்குள் குடியிருக்கிறது. நூல்வழக்கில் அது பூஞ்சணம்; ஹட்டன் கடைத்தெருவில் பங்கஸ்.

தொல்காப்பியர் நிலத்தின் கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்று அடுக்கியவர் பூஞ்சணத்தை விட்டுவிட்டார். நானுஓயாவில் ஒரு மழைக்காலம் இருந்து பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டார். அவ்வகை பிறவும் என்று அவர் முடித்ததற்குள் அதுவும் அடங்கும் என்று உரைகாரர் சமாதானம் சொல்லக்கூடும். உரைகாரர்கள் எதற்குத்தான் சமாதானம் சொல்லவில்லை?

மலையக வரலாற்றைத் துரைமார் எழுதினார்கள், கங்காணிமார் எழுதினார்கள் என்பதெல்லாம் மேலோட்டமான பார்வை. எழுதியது பூஞ்சணம். 1869இல் ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சணம் இலங்கைக் கோப்பி இலையில் செம்மஞ்சள் தூளாகத் தோன்றியது. அதை ஆராய 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளைஞரை அனுப்பினார்கள். அவர் ஆராய்ந்து முடித்தார், கோப்பியும் முடிந்தது. 1867இலேயே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் நட்டிருந்த தேயிலைக்கு வழி திறந்தது. நம் முன்னோர் கொழுந்துக் கூடை சுமந்தது இதனால்தான் என்க. 1946இல் தேயிலைக்கும் கொப்புள நோய் வந்தது, அதுவும் பூஞ்சணம். செப்பு மருந்து அடித்து அதைச் சமாளித்துக்கொண்டார்கள். கோப்பி இலை, தேயிலை இரண்டையும் சுவைத்துவிட்டவருக்கு அடுத்த பந்தி கண்ணாடி.

இவ்விடத்தில் நம் மங்கற்படப் பள்ளியின் ஆதி ஆசிரியை பற்றிச் சொல்ல வேண்டும். ஜூலியா மார்கரெட் கமரன் 48 வயதில் மகளும் மருமகனும் பரிசளித்த கமராவால் உலகப் புகழ் பெற்றவர். படங்கள் தெளிவாக இல்லை என்று அக்கால விமர்சகர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். கணவர் சார்ல்ஸ் ஹே கமரன், பாடப்புத்தகத்தில் நாம் மனப்பாடம் செய்த கோல்புறூக்–கமரன் சீர்திருத்தத்தின் பின்பாதி. 1875இல் இருவரும் இங்கே அவரது கோப்பித் தோட்டங்களை நாடி வந்தார்கள். வரும்போது சவப்பெட்டிகளையும் கையோடு கொண்டுவந்தார்கள் என்று சொல்வார்கள். ஈரக் கொலோடியன் தட்டு காய்வதற்குள் படம் பிடித்துக் கழுவிவிட வேண்டும். அந்தப் பாடுபட்டு எடுத்தவற்றில் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளரின் முகங்களும் உண்டு. 1879இல் ஜூலியா டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இறந்து, பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் அடக்கமானார். மங்கலான படத்துக்கு உலக மதிப்பு வாங்கித்தந்தவர் இந்தத் தேயிலை மண்ணில் கிடக்க, இம்மண்ணிலேயே மங்கலான படத்துக்கு அரைப்பேர்கூடப் போட மறுக்கிறார்கள். இது முறையா?

நிற்க. பூஞ்சணத்தைக் காண்பது எப்படி? பழைய ஸெனித் ஒன்றின் ஹீலியோஸ் லென்ஸைக் கழற்றித் துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து டோர்ச் அடிக்க வேண்டும். விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வெள்ளை நூலிழைகள் வேர் விட்டிருப்பது தெரியும். காற்றில் ஈரம் எழுபது வீதத்தைத் தாண்டினால் அதற்குக் கொண்டாட்டம். தூசியும் எண்ணெய்ப் பசையும் உணவு. அது கக்கும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரிக்கும். எதிர்வெயிலில் எடுத்தால் படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளிறுவது இதனால்தான். இதுபற்றி ஹட்டனில் ஒரு பழைய ஸ்டூடியோக்காரரோடு நடத்திய நேர்காணல்:

“தம்பி, இது உள்ளுக்கு இருக்கு. தொடச்சா போவாது. வெயில்ல வைங்க.”

“இங்க வெயிலுக்கு எங்கண்ணே போறது?”

“பண்டாரவளைக்குப் போங்க.”

இதைக் கேலியென்று தள்ளிவிடலாகாது. தென்மேல் பருவக்காற்று ஹட்டனை நனைத்துக்கொண்டிருக்கும் மாதங்களில் ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும். வெயிலின் புறஊதாக் கதிர் பூஞ்சணத்தைக் கொல்லவும் செய்யும். அரித்த தழும்பு மட்டும் போகாது.

பூஞ்சணத்தின் பசி கண்ணாடியோடு நிற்பதில்லை. பிலிமிலும் படத்தாளிலும் வெள்ளியைப் பிடித்து வைத்திருக்கும் ஜெலற்றின் அதற்கு விருந்து. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம்மவரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். போகிறவர்களுக்குப் பாஸ்போட் வேண்டும். பாஸ்போட்டுக்குப் படம் வேண்டும். ஸ்டூடியோ நாற்காலியில் விறைத்து உட்கார்ந்து எடுத்த அந்த ஒரு படமே எத்தனையோ லயத்து வீடுகளில் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் உள்ள ஒரே படம். டிரங்குப் பெட்டி திறக்கும்போது முகத்தில் பாதியைப் பூஞ்சணம் தின்றிருக்கும். பங்கு பிரித்த காகிதங்களை மட்டும் எங்கோ நல்ல உலர்ந்த அறையில் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

இனித் தீர்வு. சிலிக்கா ஜெல் போடலாம். ஆனால் ஆய்வாளன் உள்ளூர்ப் பொருளையே நாடக் கடமைப்பட்டவன். ஸ்டோரில் காய்ச்சி எடுத்த தேயிலையில் ஈரம் ஏறக்குறைய மூன்று வீதம்தான். திறந்து வைத்தால் சுற்றியுள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சும். ஆகவே டஸ்ட் தேயிலையைத் துணியில் முடிந்து, லென்ஸோடு ஒரு பிஸ்கட் டின்னில் அடைத்தேன். பங்கஸ் மேலும் பரவியதா என்று பார்க்க டின்னைத் திறந்த அன்று முடிச்சைக் காணவில்லை. மாமியாரை விசாரித்தேன்.

“அதுவா மாப்பிள? சாயம் நல்லா எறங்குது. எந்தத் தோட்டத்து தூளு?”