ஆடியில ஒருத்தனைக் கேளு, தையில ஒருத்தனைக் கேளு

வாடா பேராண்டி, உக்காரு. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு நெய்யறவனுக்கு வரும்படி ஜாஸ்தியா, முதலாளிக்கு நெய்யறவனுக்கு ஜாஸ்தியான்னு முசரவாக்கம் பூரா நோட்டைத் தூக்கிக்கிட்டு அலையறியாமே! எங்க தாத்தா காலத்துலேர்ந்து டீக்கடையில தீராத வழக்கு. நீ கம்ப்யூட்டர்ல அரை நிமிஷத்துல தீர்த்துடுவே.

முடிவு எப்படி வரணும்னு முதல்ல சொல்லு, அதுக்குத் தகுந்த வழி நான் சொல்றேன். சங்கம்தான் உசத்தின்னு வரணுமா? சங்கத்து ஆளைத் தையில கேளு, மத்தவனை ஆடியில கேளு. முகூர்த்த மாசத்துக்கும் முகூர்த்தமில்லாத மாசத்துக்கும் உள்ள வித்தியாசம் முழுசா சங்கத்துக் கணக்குல ஏறிடும். அந்த மத்தவனைக் கார்த்திகை மழையில தறிக்குழி ஈரம் ஊறி நிக்கறப்போ கேட்டா இன்னும் விசேஷம். தலைகீழா வரணுமா? முதலாளி கொடுத்த முன்பணத்தை வருமானம்னு எழுதிக்கோ. அது கடன்னு வாங்கினவனுக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்கு எங்கே தெரியப்போவுது? அப்படியே சங்கத்துக்காரன் தீபாவளி போனஸை மறந்துடு.

பாவம்னு தோணுதா? அப்போ யோக்கியமாவே போவோம். ரெண்டு கூட்டத்துக்கும் சராசரி ஒண்ணுதான்னு வச்சுக்கிட்டுத்தான் ஆரம்பிக்கணும். வாய் நிறைய இன்மைக் கருதுகோள்னியே, அதுதான். பேச்சுக்கு ஒரு கணக்கு: சங்கத்துல 40 பேர், மாசம் சராசரி 13,000 ரூபா. வெளியில 40 பேர், 12,000. ஆயிரம் ரூபா கூடன்னு துள்ளாதே. ஆளுக்கு ஆள் ஏற்ற இறக்கம், அதான் திட்டவிலக்கம், ரெண்டு பக்கமும் 4,000ன்னு வை. யார் யார் உன் நோட்டுல மாட்டறாங்கங்கறதைப் பொறுத்தே அந்த வித்தியாசம் 894 ரூபா சுமாருக்கு ஆடும். ஆயிரத்தை அதால வகுத்தா டி மதிப்பு 1.12, பி மதிப்பு 0.27. வித்தியாசமே இல்லாத ஊர்லயும் நூறு தரம் இப்படி ஆள் எடுத்தா, சுமார் 27 தரம் ஏதாவது ஒரு பக்கம் ஆயிரமோ அதுக்கு மேலயோ கூட வந்து நிக்கும்டா! பக்கத்துக்கு 160 பேரைக் கேட்டு அதே ஆயிரம் வந்தா டி 2.24, பி 0.03க்குக் கீழே போயிடும். யார் கூலியும் ஏறலே, நீ கேட்ட வாசப்படிதான் ஏறிச்சு. அதுக்காக, 40 பேர்ல தேறலேன்னதும் ரெண்டும் சமம்னு தண்டோரா போட்டுடாதே. அவ்வளவு பேரை வச்சு உனக்குப் பிடிபடலே, அவ்வளவுதான்.

பி மதிப்பு 0.05ஐத் தாண்டக் கூடாதுன்னு வாத்தியார் சொன்னாராக்கும். புள்ளியியல்காரர் ஃபிஷர் 1925ல தன் புஸ்தகத்துல சௌகரியத்துக்கு வச்ச எல்லை அது. வரதராஜப் பெருமாள் கோயில் கல்வெட்டு இல்லே. இந்த டி சோதனையை 1908ல கொடுத்த காசெட், டப்ளின்ல கின்னஸ் பீர் ஆலையில வேலை பார்த்தவர். ஆலை சொந்தப் பேரைப் போட விடலே, 'மாணவன்'னு போட்டுக்கிட்டார். நீ மாணவனா இருந்துக்கிட்டு ஆராய்ச்சியாளர்னு கார்டு அடிச்சு வச்சிருக்கே.

ஏற்ற இறக்கம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லேன்னா வெல்ச் 1947ல சொன்ன கணக்கைப் போடு. நாலு தறி போட்டு ஆள் வச்சு நெய்யறவனை ஏழை நெசவாளின்னு சேர்த்துட்டேன்னா, அவன் ஒருத்தனே சராசரியை மாடிக்கு ஏத்திடுவான். ஒரே வீட்டுல அண்ணன் சங்கத்துக்கும் தம்பி வெளியிலயும் நெய்யறாங்களே, அவங்களை ஒருத்தரை ஒருத்தர் அறியாத ரெண்டு பேர்னா எழுதினே? உன் சோதனை அதையும் கேக்காம ஏத்துக்கும். மகா பெரிய மனசு அதுக்கு.

ஆமா, கோர்வைச் சேலைக்கு மூணு நாடா, ரெண்டு ஆள் வேணுமே, அதை எப்படி எழுதினே? நடுவுல உக்காந்தவன் பேருலதான் கூலி. பக்கத்துல குந்தி கரை நாடாவைத் தள்ளறவளுக்கு? காட்டு பார்ப்போம். 'வருமானம் இல்லை, இல்லத்தரசி.' அடேங்கப்பா! இது உங்க ஆயாடா. சரி, நீயே உள்ளே போய் அவகிட்ட இதைப் படிச்சுக் காட்டு. சாப்பிட்டுட்டுப் போ, அதுக்கு முன்னாடி போனா ராத்திரிக்குப் பட்டினிதான்.