பிளேடு பார்சல்

சீன அரண்மனைத் தொடர் ரசிகர்களுக்கென்று ஒரு பரிபாஷை உண்டு. காதல் கனிந்தால் 'சர்க்கரை'. நெஞ்சைக் கிழித்தால் 'கத்தி'. கத்தி ஆழமாக இறங்கிவிட்டால், கதாசிரியருக்கு பிளேடு பார்சல் அனுப்புவோம் என்று மிரட்டுவார்கள். நாம் 'போடுகிற' பிளேடு அல்ல, சவர பிளேடு! 2018-இல் வந்த 'யன்ஷி அரண்மனையின் கதை'யில் தளபதி ஃபூஹெங் சாகும்போது நெட்டில் ஒரே ஒப்பாரி. மனுஷன் நிஜத்தில் பர்மா படையெடுப்பில் நோய் வாங்கிக்கொண்டு வந்து, 1770-லேயே போய்ச் சேர்ந்தாயிற்று. அதற்குக் கதாசிரியர் என்ன செய்வார், பாவம்?

சரித்திரத்தைப் படித்துவிட்டுத்தான் நானும் உட்கார்ந்தேன். ஆனாலும் ஒருவேளை பிழைத்துக்கொள்வானோ என்று பார்த்ததில் தட்டில் சோறு காய்ந்துவிட்டது.

அடுத்தது 'ரூயி', 87 எபிசோட். மகாராணி கூந்தலை அறுத்துக்கொள்வாள் என்று இப்போதே தெரியும். துண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.