மாரா நதியும் மோட்டார் ரூமும்

கென்யாவின் மசாய் மாராவுக்குள் வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஒரு பகல் போய்வர நுழைவுக் கட்டணம் மட்டும் 200 டாலர். 2024 ஜூலையிலிருந்து இந்த விலை. ஜனவரி முதல் ஜூன் வரை பாதிதான். ஆனால் அந்த மாதங்களில் வைல்டுபீஸ்டின் பெரும் மந்தை அங்கே இருக்காது. எல்லைக்கு அந்தப்புறம் தான்சானியாவில் குட்டி போட்டு மேய்ந்துகொண்டிருக்கும். இலை எடுத்த பிறகு பந்திக்குப் பாதி விலையில் டிக்கெட் கொடுக்கிற மாதிரி.

நான் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். எந்தத் தொகையையும் தீப்பெட்டியாக மாற்றினால்தான் என் புத்தியில் ஏறும். 2021 டிசம்பரில் பெட்டி இரண்டு ரூபாய் ஆனதிலிருந்து கணக்கும் சுலபம். நான் கணக்குப் போட்ட அன்றைய டாலர் விலைக்கு ஒரு பகல் நுழைவு 8,500 பெட்டி. சொகுசு லாட்ஜில் ஆளுக்கு ஓர் இரவு ஒரு லட்சம் என்று வைத்தால் 50,000 பெட்டி. "அம்புட்டுப் பெட்டியையும் மொத்தமா உரசுங்க, ஆப்பிரிக்கா இங்கிருந்தே தெரியும்" என்றாள் வீட்டுக்காரி.

மாராவைப் பார்க்கும் இந்த ஆசை வந்ததற்கு விலங்குகள் காரணம் இல்லை. அங்கே போய்வந்த சகலை காரணம். ஒரு காதுகுத்து வீட்டில், இலை போடுவதற்கு முன்பே செல்போனைத் திறந்தவர் பாயாசம் வரைக்கும் மூடவில்லை. அந்தப் பக்கம் சிங்கம், இந்தப் பக்கம் தொப்பியோடு அவர். "அண்ணாச்சி, நீங்களும் ஒருதரம் பாத்துட்டு வந்துரணும்" என்று அவர் சொன்னது, "நீங்க எங்க பாக்கப் போறீங்க" என்று என் காதில் விழுந்தது. அன்று ராத்திரியே ஆராய்ச்சியில் இறங்கினேன்.

செரங்கெட்டி, மாரா இரண்டும் சேர்ந்த சமவெளியில் ஏறக்குறைய 13 லட்சம் வைல்டுபீஸ்ட். கூடவே லட்சக்கணக்கில் வரிக்குதிரையும் மானும். எங்கே மழையோ அங்கே புல், எங்கே புல்லோ அங்கே மந்தை. மழை பொய்த்தால் கடை வைக்க வெளியூர் கிளம்பிய கரிசல் சனத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜூலை முதல் அக்டோபர் வரை அவை மாரா நதியை இக்கரைக்கும் அக்கரைக்குமாகக் கடக்கும். தண்ணீருக்குள் முதலை காத்திருக்கும், கரையில் ஜீப்புகள் காத்திருக்கும். கரை வரைக்கும் வந்த மந்தை மணிக்கணக்கில் யோசித்துவிட்டு வந்த வழியே திரும்புவதும் உண்டு. அன்றைக்கு 8,500 பெட்டி கோவிந்தா.

தங்குவது கேன்வாஸ் கூடாரத்தில். உள்ளே குளியல் தொட்டி. விடியுமுன் கூடார வாசலுக்கே டீயும் பிஸ்கட்டும் வரும். இருட்டிவிட்டால் தனியே வெளியே காலெடுத்து வைக்கக் கூடாது; விலங்கு நடமாட்டம் என்பதால் காவலாள் துணைக்கு வருவார். இந்தக் கடைசி வசதியை நான் கொஞ்சம் பெருமையாகவே வாசித்தேன். "ராத்திரி வெளிய போறதுக்குத் துணைக்கு ஆள் வேணும்னா எங்க அம்மா ஊருக்குப் போனாப் போதுமே" என்றாள் அவள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முந்தியே போட்டாக வேண்டும் என்ற வரியை நான் சத்தமாக வாசிக்கவில்லை. ஊசி விஷயத்தில் என் வீரம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அப்புறம்தான் அந்த வீடியோ. மழைக்குப் பிறகு மாராவில் ஒரு ஜீப் அச்சு வரைக்கும் பதிந்து கிடக்கிறது. வெள்ளைக்காரர்கள் கால்சட்டையை மடித்துவிட்டு இறங்கித் தள்ளுகிறார்கள். மண்ணைப் பார்த்தேன். கன்னங்கரேலென்று, வழவழவென்று, சக்கரத்தின் பல்லெல்லாம் அடைத்துக்கொண்டு... நம்ம கரிசல்! ஆமாம், கென்யாவில் பல பகுதிகளில் இருப்பது சாட்சாத் இதே பருத்திக் கரிசல்தான். வெயிலில் கை நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். தண்ணீர் பட்டால் உப்பிப் பசையாகும். மழை விட்ட மறுநாள் எங்கள் புஞ்சைக்குள் செருப்போடு இறங்கிப் பாருங்கள். முதல் எட்டில் ஒரு விரற்கடை ஒட்டும், அடுத்த எட்டில் அதன்மேல் இன்னொரு விரற்கடை. வரப்பு வந்து சேர்வதற்குள் நான் அரையடி வளர்ந்திருப்பேன். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கருவேலங்குச்சியால் செருப்பைச் சுரண்டி, பழைய உயரத்துக்கு வரவேண்டும். இதற்கு எங்கள் பக்கம் யாரும் டாலர் வாங்குவதில்லை.

மரமும் அப்படியே. குடை விரித்தாற்போல் உச்சி தட்டையான ஒரு வேலமரத்துக்குப் பின்னால் சூரியன் இறங்குகிற படம் இல்லாமல் ஆப்பிரிக்க விளம்பரமே கிடையாது. எங்கள் மாவட்டத்து உடைமரம் அதற்குச் சொந்தக்காரப் பிள்ளைதான்; அதே குடை, அதே முள். நாங்கள் அதில் ஆட்டைக் கட்டிப்போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டோம்.

மண் இருக்கிறது, மரம் இருக்கிறது, மிருகம்தான் பாக்கி. வாடகைக் காரில் குடும்பத்தோடு வல்லநாட்டுக்குக் கிளம்பினேன். திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகிற சாலையில், 1987-ல் அறிவித்த வெளிமான் சரணாலயம், பரப்பு 16.41 சதுர கிலோமீட்டர். இந்தியாவில் இதற்குத் தெற்கே இயற்கையாக வெளிமான் கிடையாது. சமயத்துக்கேற்ற உடுப்பு வேண்டுமே என்று, உடம்பெல்லாம் பையாக ஒரு காக்கிச் சட்டையும் அதற்கேற்ற கால்சட்டையும் வாங்கியிருந்தேன். வழியில் டீக்கடையில் இறங்கியதும் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தொங்கிக்கொண்டிருந்த புகையிலைப் பாக்கெட் சரத்தை அவிழ்த்து மேசைக்கு அடியில் தள்ளினார். டீக்குக் காசு வேண்டாம் என்றார். ஏதோ ஸ்குவாடு என்று நினைப்பு. மறுக்க மறுக்க வடையும் வந்தது.

வெளிமான் பார்த்தோம், உண்மையாகவே. முறுக்கின கொம்போடு கருத்த கிடா ஒன்று, தள்ளிப் பழுப்பு நிறத்தில் பெட்டைகள். பைனாகுலரின் திருகு பிடிபட்டு நான் கண்ணில் வைத்தபோது எனக்குத் தெரிந்தது பெட்டைகளின் பின்புறம் மட்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் ஓடுகிற ஜாதி, காத்திருக்குமா? மகள் எடுத்த படத்தில் உடைமரம் தெளிவாக விழுந்திருந்தது.

ஆனால் அந்தக் காதுகுத்து வீட்டில் 'வலசை' என்று சகலை அழுத்தம் கொடுத்துச் சொன்னாரே, வெளிமான் எங்கும் வலசை போவதில்லை. அந்தக் குறையை ஐப்பசி தீர்த்தது. கஜகஸ்தான் பக்கத்திலிருந்து வந்த பூனைப்பருந்து புஞ்சைக்கு மேலே தாழப் பறந்து வெட்டுக்கிளி தேடியது. ராத்திரி புல்லுக்குள் வெறுந்தரையில்தான் படுக்கை, தொட்டியெல்லாம் கேட்பதில்லை. மொட்டைமாடிக்கு மேலே தட்டான்கள் கூட்டம் கூட்டமாக. மாலத்தீவில் இருந்த சார்லஸ் ஆண்டர்சன் என்கிற உயிரியலாளர், வருஷாவருஷம் அக்டோபரில் அங்கே வந்து குவிகிற தட்டான்கள் இந்தியாவிலிருந்து கிளம்பியவை, காற்றோடு கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகிறவை என்று 2009-ல் எழுதினார். போகவர 14,000 முதல் 18,000 கிலோமீட்டர். நாலு தலைமுறை சேர்ந்து முடிக்கிற பயணம். நாலரை சென்டிமீட்டர் ஜீவன், விசா இல்லை, மஞ்சள் ஊசி இல்லை. சிறுவயதில் வாலில் நூல் கட்டி நான் கல் தூக்கவைத்த தட்டான்களில் எத்தனை கென்யா பயணிகளோ!

பெரிய மந்தை மாசியில் வந்தது. எட்டையபுரம் பக்கம் எங்களுக்கு ஒரு துண்டு புஞ்சை. கிணறு வற்றி மோட்டாரை விற்றாயிற்று, மோட்டார் ரூம் மட்டும் நிற்கிறது. உளுந்து எடுத்த நிலத்தில் எருவுக்காக ஆட்டுக்கிடை போட, மந்தை ஓட்டிவருகிற ராமநாதபுரத்துக் கீதாரியிடம் பேசியிருந்தேன். மதுரை–தூத்துக்குடி நாற்கரச் சாலையை அவர் மந்தை கடப்பதைப் பார்க்கக் குடும்பத்தை வரப்பில் நிறுத்தினேன். முன்கிடா தாரில் கால் வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. துறைமுகம் போகிற கன்டெய்னர் லாரிகள் முதலை வேலையைக் கவனித்துக்கொண்டன. கீதாரி தொண்டையில் ஒரு சத்தம் கொடுத்தார், கிடா பாய்ந்தது, அதன் வாலைப் பிடித்தாற்போல் அத்தனை செம்மறியும் சாலையில். ஹாரன், புழுதி, தள்ளாடுகிற குட்டிகளை இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு ஓடுகிற பையன். ஒரு உருப்படி சேதமில்லை.

அன்றிரவு மோட்டார் ரூமில் தங்கல். பிளாஸ்கில் சுக்குமல்லிக் காப்பி, தட்டில் கடலைமிட்டாய், கையில் நோட்டு. 'விலங்கு, நேரம், நடத்தை' என்று கட்டம் போட்டு எழுதிக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டேன். விடிகாலையில் பார்த்தால், ஒரு கிடாக்குட்டி ஜன்னல் வழியே தலையை நீட்டி 'நடத்தை' வரைக்கும் தின்றிருந்தது.

கீதாரி வந்து எட்டிப் பார்த்தார். பாயையும் காக்கியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வீட்ல எதும் சண்டையா அண்ணாச்சி? இங்க வந்து படுத்திருக்கீக" என்று பரிவோடு கேட்டார். கிடைக்கூலியை எண்ணிக் கொடுத்தேன். ஆடு பார்க்க வந்தவனே ஆடு படுத்ததற்கும் காசு கொடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரி, வரப்பில் இறங்கிக் கையகலத்துக்குப் புழுக்கையைத் தள்ளிப் பார்த்தாள்.

"ஆப்பிரிக்காவுல காசக் கொடுத்தா இதையாவது விட்டுட்டுப் போறானான்னு உங்க சகலையக் கேளுங்க."