நத்தாருக்கு முன் ஒரு நாவல் கணக்கெடுப்பு

மன்னார்த் தீவில் புத்தகங்களுக்கு எதிரிகள் அதிகம். கச்சான் காற்று உப்பைக் கொண்டுவந்து அட்டையில் பூசும். வாடை பிறந்தால் தாள் ஈரம் குடித்துப் பொருமும். கறையானுக்கோ தமிழ் இலக்கியத்தில் தனிப் பிரியம். இவ்வளவுக்கும் தப்பிய புத்தகத்தை மட்டைப்பெட்டியில் போட்டு முற்றத்தில் வைத்தால், தெருவில் திரியும் கழுதைகள் பெட்டியோடு சேர்த்து விமர்சித்துவிடும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய ஆபத்து நத்தார். திருவருகைக் காலம் வந்ததும் தீவிலுள்ள பேசாலையில் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கத் தொடங்குவார்கள். பெயின்ட் அடிக்க அலுமாரி விலக வேண்டும். அலுமாரி விலக அதன் வயிறு காலியாக வேண்டும். “இந்த முறை பாதியைக் குறையுங்கோ. இல்லாட்டி நான் குறைப்பன்” என்றார் இந்தக் கட்டுரைக்காரரின் வீட்டம்மா. அவர் குறைத்தால் ஆசிரியர் பெயர் பார்த்துக் குறைக்க மாட்டார். ஆகவே ஒவ்வொரு நாவலையும் வாசித்துப் பார்த்தே விலக்குவது என்று கட்டுரைக்காரர் தீர்மானித்தார். பெயின்ட்காரருக்கு ஒரு மாதத் தவணை சொல்லப்பட்டது.

முதலில் கைக்கு வந்தது ‘பொன்னியின் செல்வன்’. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் தொடராக வந்ததை அப்பாச்சி வாரம் தவறாமல் கிழித்துச் சேர்த்து, வலை நூலால் தைத்து வைத்த பிரதி. தனுஷ்கோடியிலிருந்து வரும் கப்பல், தலைமன்னார் இறங்குதுறையில் ஆட்களோடு தபால் மூட்டைகளையும் இறக்கிய காலம் அது. 1964 டிசம்பரில் புயல் அடித்துத் தனுஷ்கோடி அழியும்வரை அந்த வழி ஓடியது.

ஐந்து பாகமும் ஒரு தட்டை முழுதாக அடைத்திருந்தன. ஆனால் இரண்டாம் பாகத்தில் வந்தியத்தேவன் மாதோட்டத்துக்கு வந்துவிடுகிறான். மாதோட்டம் வேறெங்கும் இல்லை, பாலத்தைத் தாண்டினால் திருக்கேதீச்சரப் பக்கம். இவ்வளவு தூரம் வந்தவனை வெளியே அனுப்புவது மரியாதையா? இரண்டாம் பாகம் தங்கியது. துணைக்கு மற்ற நாலும் தங்கின.

அடுத்த தட்டில் வீரகேசரி பிரசுரங்கள். 1970களில் இந்தியச் சஞ்சிகைகளும் நூல்களும் வருவதை அரசாங்கம் கட்டுப்படுத்தியபோது ஈழத்து நாவல்களுக்கு நல்ல காலம் பிறந்தது. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’, அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ இரண்டும் 1973இல் வந்தவை. முன்னது நெடுந்தீவில் வாடி போடும் மீனவர்களின் கதை; 1978இல் படமாகவும் வந்தது. வெளியே உண்மையான வாடை கூரை ஓட்டை ஆட்டிக்கொண்டிருக்க, உள்ளே கட்டுரைக்காரர் அச்சடித்த வாடையில் ஆழ்ந்திருந்தார். அடுப்பில் பார்க்கச் சொன்ன மீன்குழம்பு அடிப்பிடித்தது. அந்த நாவலை வெளியேற்ற அன்று வீட்டில் பலத்த ஆதரவு இருந்தும் அது தப்பியது. ‘நிலக்கிளி’யின் பதஞ்சலியைத் தண்ணிமுறிப்பிலிருந்து கிளப்பவும் மனம் வரவில்லை.

ராஜேஷ்குமாரின் மாத நாவல்களைக் கழித்துவிடலாம் என்று தோன்றியது. அவர் எழுதியவை 1,500க்கும் மேல். எல்லாவற்றையும் வைத்திருப்பதானால் தீவை இராமர் அணை வரைக்கும் நீட்ட வேண்டும். கொலைகாரன் யாரென்று தெரிந்த கதையை எதற்கு வைத்திருப்பது? எடுத்துப் பார்த்தால், யாரென்று மறந்து போயிருந்தது. ரமணிசந்திரன் நாவல்கள் கணக்கெடுப்பிலேயே சேரவில்லை. அவை வீட்டம்மாவின் சொத்து.

பேசாலைக்காரரான எஸ். ஏ. உதயனின் ‘லோமியா’, ‘தெம்மாடுகள்’, ‘வாசாப்பு’ ஆகியவற்றுக்கும் விசாரணை கிடையாது. ஊர்க்காரரின் நாவலை வெளியே போட்டுவிட்டு ஞாயிறு பூசைக்கு எந்த முகத்தோடு போவது?

சிக்கலானது ஓர் ஒல்லிப் புத்தகந்தான். சித்திலெப்பையின் ‘அசன்பேயுடைய கதை’. 1885இல் வெளிவந்த, ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படுவதன் மறுபதிப்பு. உள்ளட்டையில் எருக்கலம்பிட்டி நண்பரின் கையெழுத்து. 1990இல் போருக்குப் பயந்து தீவிலிருந்து ஓடியவர்கள் காணி உறுதியும் அடையாள அட்டையும் எடுத்தார்கள்; நாவலைத் தேடி எடுத்தவர்கள் குறைவு. கட்டுரைக்காரரின் வீரகேசரி பிரசுரங்கள்கூடப் பின்னாளில் மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் திரும்ப வாங்கியவை. அப்பாச்சி வீட்டை விட்டு அசைய மறுத்ததால் ‘பொன்னியின் செல்வன்’ தப்பியது. அசன்பே மட்டும் எப்படியோ துணிப்பைக்குள் கிடந்து, கடல் தாண்டி மண்டபம் முகாமுக்குப் போய்த் திரும்பியிருந்தான். அதே ஆண்டு ஒக்டோபரில் தீவின் முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற்றப்பட்டபோது நண்பர் புத்தளம் போய்ச் சேர்ந்தார். தொலைபேசியில் கேட்டதற்கு, “வச்சிரு. ஆனா உன்ர எண்டு மட்டும் சொல்லாத” என்றார்.

மாத முடிவில் வெளியேறியவை: ஒரே நாவலின் இரண்டாம் பிரதிகள், பழைய பரீட்சை வழிகாட்டிகள், ஒரு சமையல் புத்தகம். கடைசிப் பக்கங்களைக் கறையான் தின்ற நாவலொன்று, முடிவு இல்லாமலே நன்றாக இருப்பதாகக் கூறி மன்னிக்கப்பட்டது. சமையல் புத்தகத்தை வீட்டம்மா திரும்ப எடுத்துக்கொண்டார். பெயின்ட்காரர் அலுமாரியைச் சுற்றிப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்.

உங்கள் வீட்டுக்கும் நத்தாரோ பொங்கலோ பெருநாளோ வரும். பரணில் பழைய ஈழத்து நாவல் ஏதும் அகப்பட்டால், கச்சான் சுற்றக் கொடுக்குமுன் ஒன்று செய்யுங்கள். 2005 முதல் ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்த்துவரும் ‘நூலகம்’ இணையத்தளத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பிரதியெடுக்க அவர்களிடம் கொடுங்கள்.