மேற்கே உதிக்கும் சூரியன்

கேள்வி: வெள்ளிக் கோளில் ஒரு நாள், ஓர் ஆண்டைவிட நீளமாமே?

பதில்: சுழற்சியை நாளாகக் கொண்டால் உண்மைதான். வெள்ளி சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ 225 பூமி நாட்கள் ஆகும். தன்னைத்தானே ஒருமுறை சுற்றவோ 243 நாட்கள். ஒரு சுற்று முடியுமுன் அடுத்த பிறந்தநாள் வந்துவிடும்! சுழலும் திசையும் பூமிக்கு நேர்மாறு. அதனால் அங்கே சூரியன் மேற்கே உதிக்கும்; ஓர் உதயத்துக்கும் அடுத்த உதயத்துக்கும் இடையே சுமார் 117 நாட்கள். கந்தக அமில மேகங்கள் வானத்தையே மூடியிருப்பதால் அந்த அதிசய உதயம் கண்ணுக்குத் தெரியாது. தரையில் வெப்பம் ஈயத்தையும் உருக்கும்: சுமார் 465 டிகிரி செல்சியஸ். சூரியனை ஒட்டியிருக்கும் புதன்கூட இவ்வளவு கொதிப்பதில்லை. வெள்ளி போர்த்தியிருக்கும் கரியமில வாயுதான் காரணம். 1982இல் இறங்கிய சோவியத் ஒன்றியத்தின் வெனெரா 13 விண்கலம் அங்கே 127 நிமிடங்கள் தாக்குப்பிடித்தது.