வேலிக்கு வெளியே ஒரு சூப்பர்வைசர்

கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஒரு கை இன்னொரு கையின் மணிக்கட்டைப் பிடித்திருக்கும். உடம்பு லேசாக முன்னால் சாய்ந்திருக்கும், பார்வை பள்ளத்துக்குள். வெயில் காலமானால் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை, தொப்புளுக்கு மேல் ஏற்றிப் போட்ட பேண்ட், தோளில் குறுக்காக ஒரு சின்னத் தோல் பை. குளிர் காலமானால் மேலே ஒரு கோட்டும் தட்டைத் தொப்பியும் சேரும். பள்ளம் மட்டும் மாறாது. வட இத்தாலியில் உள்ள பொலோன்யா நகரத்தில் எங்கே சாலையைத் தோண்டினாலும், தோண்ட வருகிறவனை வரவேற்கவே வந்தவர் மாதிரி ஓய்வு பெற்ற இந்தப் பெரியவர் நின்றுகொண்டிருப்பார். ஊரில் இவருக்கு உமரெல் என்று பெயர்.

அந்த ஊர் எழுத்தாளர் தனிலோ மசோத்தி கிட்டத்தட்ட இருபது வருஷத்துக்கு முன்பு இவர்களைப் பற்றி எழுதி எழுதியே இத்தாலி முழுக்கப் பிரபலமாக்கிவிட்டார். ஜிங்காரெல்லி என்ற இத்தாலிய அகராதியின் 2021-ஆம் ஆண்டுப் பதிப்பில்கூட உமரெலுக்கு இடம் கிடைத்துவிட்டது. அகராதியில் இடம் கிடைத்த விஷயம் அவருக்குத் தெரியுமா என்பது சந்தேகம். அன்றைக்குக் காலையில் எங்காவது குழாய் பதித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

நம் ஊரில் ஜேசிபி வந்தால் கூட்டம் கூடுகிறதே, அதுதானே இது என்று நினைத்துவிடக் கூடாது. நம்மவர் வேறு வேலையாகப் போகிற வழியில் நின்று வேடிக்கை பார்ப்பவர். உமரெல் இதற்கென்றே குளித்து, சவரம் செய்து, வீட்டிலிருந்து கிளம்பி வருபவர். வந்ததும் பள்ளத்தைப் பார்ப்பதில்லை. முதலில் போர்டைப் படிப்பார். இத்தாலியில் வேலை நடக்கும் இடத்தில் என்ன வேலை, யார் ஒப்பந்தக்காரர், யார் பொறியாளர், எவ்வளவு தொகை, என்றைக்குத் தொடங்கி என்றைக்கு முடியும் என்றெல்லாம் எழுதி வைக்க வேண்டும். பஞ்சாங்கம் பார்க்கிற சிரத்தையோடு மேலிருந்து கீழே படித்து வருவார். கடைசி வரியில், வேலை முடியும் தேதியில், ஒரு புன்னகை.

ஓய்வு பெறுவதற்கு முன் அவர் என்ன வேலை பார்த்தார் என்பது முக்கியமே இல்லை. டுகாட்டி தொழிற்சாலையில் முப்பது வருஷம் லேத் பிடித்தவராக இருக்கலாம். பேங்கில் லெட்ஜர் எழுதியவராகவும் இருக்கலாம். கான்கிரீட்டைப் பற்றி இருவருக்கும் ஒரே கருத்துதான்: எங்கள் காலத்தில் இப்படிப் போட மாட்டார்கள்.

பொலோன்யாவின் ஊகோ பாஸி வீதியில் டிராம் தண்டவாள வேலை நடந்தபோது ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் வலைக்கு இந்தப் பக்கம் மூன்று பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். நானும் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நான்காவதாக நின்றேன். யாரும் என்னை யாரென்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, என் அரைகுறை இத்தாலிய மொழிக்கு இரங்கி, பக்கத்தில் இருந்தவர் நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"அந்த ஜல்லியைப் பாருங்க."

பார்த்தேன். ஜல்லி ஜல்லியாகத்தான் இருந்தது.

"பத்தாது."

"இன்னும் ஒரு சாண் வேணும்" என்றார் இரண்டாமவர்.

மூன்றாமவர் வாயே திறக்கவில்லை. கண்ணை மூடித் தலையை இடமும் வலமுமாக ஒருமுறை ஆட்டினார். மூவரில் அவர்தான் சீனியர் என்பது எனக்கு அப்போது புரிந்தது.

பள்ளத்துக்குள் இருந்த தொழிலாளி நிமிர்ந்து பார்த்தார். ருமேனியாவோ அல்பேனியாவோ, இத்தாலியில் கட்டட வேலைக்கு அந்த நாட்டுக்காரர்கள் நிறைய. "சரியா இருக்கா, தலைவரே?" என்று கேட்டார். சிரிப்போடுதான் கேட்டார். சீனியர் அந்தச் சிரிப்பைக் கண்டுகொள்ளவில்லை. கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டார். குனிந்து பார்த்தார், யோசித்தார், "சரி, போகட்டும்" என்று அனுமதி கொடுத்தார். வேலை தொடர்ந்தது. கொடுக்காவிட்டாலும் தொடர்ந்திருக்கும், அது வேறு விஷயம்.

இந்த டிராமுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பொலோன்யாவில் பழைய டிராம் 1963-இல் நின்றுபோனது. இனிமேல் பஸ்தான் என்று முடிவெடுத்துத் தண்டவாளத்துக்கு விடை கொடுத்தார்கள். அறுபது வருஷம் கழித்து, 2023-இல், மறுபடியும் டிராம்தான் நல்லது என்று தோண்டத் தொடங்கினார்கள். சிவப்புத் தடம் என்கிற ஒரு தடம் மட்டும் பதினாறு கிலோமீட்டருக்கு மேல். பத்து வயதில் தண்டவாளம் போனதைப் பார்த்தவர், எழுபது தாண்டி அதே ஊரில் தண்டவாளம் வருவதைப் பார்க்கிறார். இரண்டுமே தப்பு என்பது அவர் கட்சி.

ஊர் அமைப்பும் இவருக்குத் தோதாக இருக்கிறது. பொலோன்யாவில் வீதியோரக் கட்டடங்களின் கீழ்த்தளத்தில் வரிசையாகத் தூண்களும் வளைவுகளுமாகக் கூரையிட்ட நடைபாதை. மொத்தம் 62 கிலோமீட்டர். 2021-இல் யுனெஸ்கோ இவற்றில் சில பகுதிகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மழை வந்தால் வேலை நிற்கும். மேற்பார்வை நிற்க வேண்டிய அவசியமில்லை. போதாததற்கு நகரின் நடுவே காரிசெண்டா என்று ஒரு கோபுரம், 48 மீட்டர் உயரம், பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கட்டுமானம், பார்த்தாலே தெரிகிற சாய்வு. பதினான்காம் நூற்றாண்டிலேயே பயந்துபோய் மேல் பாகத்தை இடித்துக் குறைத்தார்கள். 2023 அக்டோபரில் சுற்றுப்புறத்தையும் அடைத்துத் தடுப்பு வைத்துவிட்டார்கள். அந்தத் தடுப்பின் முன்னால் நின்ற ஒரு பெரியவர் மேலே பார்க்கவே இல்லை. கீழே, அடிப்பாகத்தைச் சுட்டிக்காட்டி, "அஸ்திவாரம்" என்றார். அதைக் கட்டிய காலத்திலும் பக்கத்தில் ஒருவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று இதையே சொல்லியிருப்பார், யாரும் காது கொடுத்துக் கேட்டிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

இத்தாலியில் ஏறக்குறைய நான்கு பேருக்கு ஒருவர் அறுபத்தைந்து வயதைக் கடந்தவர். இத்தனை பேர் சும்மா நிற்கிறார்களே என்று அதிகாரிகளுக்கும் கம்பெனிகளுக்கும் கை பரபரத்திருக்கிறது. கடற்கரை ஊரான ரிச்சோனேயின் நகராட்சி 2015-இல் 11,000 யூரோ ஒதுக்கியது. எத்தனை லாரி வந்தது, எத்தனை போனது என்று எண்ணவும், ஆள் இல்லாத நேரத்தில் சாமான் களவு போகாமல் பார்த்துக்கொள்ளவும் உமரெல்களுக்குச் சம்பளம் கொடுப்பதாகத் திட்டம். அடுத்த வருஷம் பர்கர் கிங் தன் புதிய கடைகளின் கட்டுமானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க உமரெல்கள் தேவை என்று விளம்பரம் செய்தது. பொலோன்யா 2018-இல் ஒரு சின்னச் சதுக்கத்துக்கு இவர்கள் பெயரையே வைத்துவிட்டது.

சதுக்கம் சரி. சம்பளம்தான் எனக்குச் சம்மதமில்லை. கூலி வாங்கிக்கொண்டு லாரி எண்ணுகிறவர் குமாஸ்தா. எண்ணிக்கை தப்பினால் பதில் சொல்ல வேண்டும். உடம்பு சரியில்லை என்றால் லீவு எழுதிக் கொடுக்க வேண்டும். உமரெலின் கம்பீரமே அவரை யாரும் கேட்கவில்லை என்பதில்தான் இருக்கிறது. நாற்பது வருஷம் மேலதிகாரி சொன்னதைத் தலையாட்டிக் கேட்டவர், இப்போது பொறியாளரைப் பார்த்தே தலையை ஆட்டுகிறார், ஆனால் வேறு திசையில். அந்த இளம் பொறியாளர் எதிரே வந்தால் "வணக்கம், இஞ்சினியர்" என்று மரியாதையாகத்தான் சொல்வார். இத்தாலியில் பட்டம் பெற்றவர்களைப் பட்டத்தோடு கூப்பிடுவதுதான் வழக்கம். பொறியாளர் நான்கு அடி தள்ளிப் போனதும், "பையன். படிச்சிருக்கான், பாவம்" என்பார்.

மதியம் பன்னிரண்டரைக்குத் தொழிலாளிகள் மண்வெட்டியை வைத்தால் இவரும் வீட்டுக்குக் கிளம்புகிறார். உமரெல்களில் பெண்கள் ஏன் இல்லை என்று எனக்கு இருந்த சந்தேகம், ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது தீர்ந்தது. சமையலறை மேஜையில் அந்த வீட்டு அம்மாள் நீளக் கட்டையால் மாவைத் தேய்த்து, மடித்து, தாலியாதெல்லே என்ற நாடா போன்ற பாஸ்தாவை நறுக்கிக்கொண்டிருந்தார். இது விளையாட்டு விஷயமல்ல. வெந்த தாலியாதெல்லே 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று 1972-இல் பொலோன்யா வர்த்தக சபையில் பதிவே செய்திருக்கிறார்கள். தங்கத்தில் மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். அந்த அகலம் ஊரின் மிக உயரமான அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270-இல் ஒரு பங்கு என்று கணக்கும் சொல்கிறார்கள்.

வீட்டுக்காரர் பின்னால் போய் நின்றார். கை தானாக முதுகுக்குப் போயிற்று. லேசாக முன்னால் சாய்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் மெல்லிசா..."

அம்மாள் கத்தியை நிறுத்தவும் இல்லை, திரும்பவும் இல்லை. "தட்டு எடுத்து வைங்க" என்றார்.

எடுத்து வைத்தார். நறுக்கி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்த அம்மாள் மேஜையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, இரண்டு தட்டுகளை இடம் மாற்றி வைத்தார்.