இடப்பக்கம் ஒன்றரை அங்குலம்

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே டி.டி.பி. கடை வைத்திருப்பவனுக்குத் தெரியாத துறை கிடையாது. காலையில் மண்புழு உரம், மதியம் சங்க இலக்கியத்தில் பாலைத்திணை, சாயங்காலம் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கடன் மேலாண்மை. இத்தனையிலும் நான் கரைகண்ட விஷயம் ஒன்றுதான்: இடப்பக்க மார்ஜின் ஒன்றரை அங்குலம், மற்ற மூன்று பக்கமும் ஒரு அங்குலம். கூடுதலான அந்த அரை அங்குலத்தை பைண்டிங் விழுங்கிவிடும். ஆய்வேட்டு விதிகளில் காரணம் கேட்டால் சட்டென்று சொல்ல முடிகிற விதி எனக்குத் தெரிந்து இது மட்டும்தான்.

மற்றதெல்லாம் வழிவழியாக வருவது. எழுத்துரு டைம்ஸ் நியூ ரோமன், அளவு 12, வரி இடைவெளி ஒன்றரை. லண்டன் டைம்ஸ் பத்திரிகை 1932இல் தனக்கென்று உருவாக்கிக்கொண்ட எழுத்து அது. 1972இல் அந்தப் பத்திரிகையே அதை மாற்றிவிட்டது. எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

“அண்ணா, 140 பக்கம்தான் வருது. கைடு 200 கேக்குறாரு” என்று முகம் வாடி வருவார்கள். நேர்வழியில் போனால் அதற்கு இன்னும் ஆறு மாதம் களப்பணி செய்ய வேண்டும். என் வழியில் ஒன்றரை இடைவெளியை இரண்டாக்கி, ஒவ்வோர் இயலுக்கு முன்னாலும் தலைப்பை மட்டும் தாங்கிய ஒரு தாளைச் செருகினால் போதும். டீ ஆறுவதற்குள் அறிவு அறுபது பக்கம் வளர்ந்திருக்கும்.

நன்றியுரை மட்டும் அவ்வளவு எளிதில் முடியாது. கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரை எங்கே போடுவது என்பதைப் போல, துறைத் தலைவர் முதலிலா நெறியாளர் முதலிலா என்ற பஞ்சாயத்து என் கடை வாசலிலேயே நடக்கும். அதில் அலட்சியம் கூடாது. வைவா அன்று வந்தவர்கள் எல்லோரும் ஆய்வேட்டைப் புரட்டிப் பார்க்கிற ஒரே பக்கம் அதுதான். தேடுவது அவரவர் பெயரை.

அடுத்தது துணைநூற்பட்டியல். அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏ.பி.ஏ. நடை 1929இல் வெறும் 7 பக்கக் குறிப்பாகப் பிறந்தது. 2019இல் வந்த ஏழாம் பதிப்பு 400 பக்கங்களைத் தாண்டிவிட்டது. அதில், நூல் வெளியான ஊரைப் போட வேண்டாம் என்று தீர்ப்பு. அதற்குமுன் ஊர் இல்லாத நூலைப் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள். ஊர் தெரியாத நூல்களுக்கெல்லாம் சென்னை என்று போட்டுச் சமாளித்த பிள்ளைகள், இப்போது அத்தனை சென்னையையும் அழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏ.பி.ஏ.வுக்குக் குடும்பப் பெயர் முன்னால் வர வேண்டும். நமக்கோ குடும்பப் பெயரே இல்லை, இன்ஷியல்தான். பாஸ்போர்ட்டுக்காக அதை விரித்து, அப்பா பெயரைப் பின்னால் எழுதிய பெண் ஒருத்தி, வெளிநாட்டு இதழில் கட்டுரை போட்டாள். இரவு பகலாகச் சோதனைக்கூடத்தில் கிடந்தது அவள். மேற்கோளில் முன்னால் நிற்பது அப்பா. அவள் ஒற்றை எழுத்தாக ஒதுங்கி நிற்கிறாள். ஊரில் நெல் வியாபாரம் செய்கிற அவருக்குத் தான் வேதியியல் அறிஞர் என்பதே தெரியாது.

தமிழ்த்துறைப் பிள்ளைகளின் பாடு தனி. இயல் முழுவதும் பாமினி எழுத்துருவில் இருக்கும். இணையத்திலிருந்து எடுத்த மேற்கோள் யூனிகோடில் இருக்கும். பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கிலத்தில் நிற்கும். தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. ஆனாலும் “எங்க கைடுக்கு பாமினிதான் கண்ணுக்குப் பழக்கம்ணா” என்ற மறுப்புக்கு எந்த ஆணையும் செல்லாது.

கைடுகளையும் குறை சொல்வதற்கில்லை. ஐந்தாண்டு ஆய்வு சரியா தவறா என்று சொல்ல அந்தத் துறையைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டும். மார்ஜின் சரியா என்று பார்க்க ஸ்கேல் போதும். அதனால்தான் முடிவுரையில் சிவப்பு மை படுவதே இல்லை. பக்க எண் நடுவில் இல்லையென்றால் மட்டும் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி. 2018இல், பிறர் எழுத்தோடு உள்ள ஒப்புமைக்கு 10 சதவீதம் வரை தண்டனை இல்லை என்று விதி செய்தது. நூற்றுக்கு நூறு சொந்தச் சரக்காகவே இருந்தாலும் மார்ஜின் கால் அங்குலம் நகர்ந்தால் எங்கள் ஊரில் மன்னிப்பு கிடையாது.

என் பிழைப்பு கெட்டாலும் பரவாயில்லை, பிள்ளைகளே, ஒன்று சொல்கிறேன். தலைப்பை நடுவில் நிறுத்த ஸ்பேஸ் பாரைத் தட்டாதீர்கள். அடுத்த பக்கம் போக என்டரைக் குத்தாதீர்கள். கைடு ஒரு வரி சேர்க்கச் சொன்னால் மொத்த இயலும் சரிந்துவிடும். பதிவு செய்த முதல் நாளே வேர்டில் ஹெடிங் ஸ்டைல்களை அமைத்துவிட்டு எழுதத் தொடங்குங்கள். பொருளடக்கம் தானாக வரும், பக்க எண் தானாக மாறும். மிச்சமாகும் நேரத்தில் ஆய்வு செய்யலாம்.